அப்பாவின் ரிப்போர்ட்டில் பாதி சிவப்பு: இதய நோயாளிக்கு எந்த ரத்தப் பரிசோதனை உண்மையில் உதவும்?

#1 பொன்னிநதி (தஞ்சாவூர்)

எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 61 வயசு. போன வருஷம் ஹார்ட் அட்டாக் வந்து ஒரு ஸ்டென்ட் வச்சிருக்கு. சுகர் ரொம்ப வருஷமா இருக்கு. எக்கோவில் பம்பிங் 50 சதவீதம். ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அடோர்வாஸ்டாடின் 40, மெட்டோபுரோலால், மெட்ஃபார்மின் போய்ட்டிருக்கு. தினம் பெரிய கோயில் வரைக்கும் நடந்து போய்ட்டு வர்றார், மூச்சு வாங்கறதில்ல.

டாக்டர் எப்பவும் எழுதறது கொழுப்பு, மூணு மாச சுகர், கிரியாட்டினின், அவ்வளவுதான். எங்க அத்தான் வாட்ஸ்அப்பில் வந்த விளம்பரத்தைப் பார்த்து "அட்வான்ஸ்டு ஹார்ட் பேக்கேஜ்" ஒண்ணு புக் பண்ணிட்டார். வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்தாங்க. ரிப்போர்ட்டில் பாதி சிவப்பு. அப்பா அதைப் பார்த்ததிலிருந்து சரியா சாப்பிடல.

எல்டிஎல் 84 – நார்மல்
டிரைகிளிசரைடு 190 – சிவப்பு
எச்டிஎல் 36 – சிவப்பு
அப்போலிப்போபுரோட்டீன் பி 92 – நார்மல்
எச்எஸ்-சிஆர்பி 6.8 – சிவப்பு, "அதிக ஆபத்து"
ஹோமோசிஸ்டீன் 22 – சிவப்பு
லிப்போபுரோட்டீன்(ஏ) 96 – சிவப்பு
என்டி-ப்ரோபிஎன்பி 210 – சிவப்பு
ட்ரோபோனின் – நார்மல்

அடுத்த அட்டாக் வரப்போகுதுன்னு இதுக்கு அர்த்தமா? டாக்டர் அப்பாயின்ட்மென்ட் அடுத்த வாரம்தான்.

#2 சென்ட்ரிஃப்யூஜ் (மதுரை)

பொன்னி மேடம், நான் லேப் டெக்னீஷியன். நோயாளிக்கு அர்த்தம் சொல்றது என் வேலை இல்ல. ஆனா ரத்தம் எடுத்த சூழ்நிலை தெரியாம அந்த எண்களைப் படிக்கக்கூடாது. சில கேள்வி மட்டும்:

ரத்தம் எடுத்த சமயம் சளி, காய்ச்சல், பல்வலி, மூட்டு வீக்கம், புண் ஏதாவது இருந்துச்சா? சிஆர்பி கல்லீரல்ல உருவாகிற புரதம். உடம்புல எங்க அழற்சி இருந்தாலும் ஏறும். ஈறு வீங்கினாலே போதும்.

லிப்போபுரோட்டீன்(ஏ) 96-ன்னா எந்த யூனிட்? டெசிலிட்டருக்கு மில்லிகிராமா, லிட்டருக்கு நானோமோலா? முதல்னா ரொம்ப அதிகம். ரெண்டாவதுன்னா அவ்வளவு இல்ல. ஒரு யூனிட்டை இன்னொண்ணா மாத்த சரியான சூத்திரமும் கிடையாது, ஏன்னா அந்தத் துகளோட அளவு ஆளுக்கு ஆள் வேற. இணையத்துல ரெண்டரையால பெருக்குன்னு போட்டிருப்பாங்க, அது வெறும் உத்தேசம்.

அப்பா முடிக்கோ நகத்துக்கோ பயோட்டின் மாத்திரை எடுக்கிறாரா? சில கருவிகள்ல பயோட்டின் அதிகமா இருந்தா ட்ரோபோனின் (இதயத் தசை சிதைஞ்சா ரத்தத்துல கசியற புரதம்) உண்மையைவிடக் குறைவா காட்டும். 2017-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இதுக்குத் தனியா எச்சரிக்கை விட்டுச்சு. எங்ககிட்ட ரத்தம் கொடுக்க வர்றவங்க இதை மருந்துன்னே நினைக்கிறதில்ல, அதனால சொல்றதுமில்ல.

#3 பொன்னிநதி

டெசிலிட்டருக்கு மில்லிகிராம்னுதான் போட்டிருக்கு. பயோட்டின் எடுக்கல. ஆனா கடைவாய்ப் பல்லுல சீழ் கோத்து அந்த வாரம்தான் ஆன்டிபயாடிக் முடிச்சார்! அதை ரத்தம் எடுக்க வந்த பையன் கேட்கவே இல்ல.

#4 இடதுவெண்ட்ரிக்கிள் (கோயம்புத்தூர்)

நான் இதய மருத்துவர். இங்கே எழுதுவது பொதுவான விளக்கம். மருந்தை மாற்றுவது அப்பாவின் டாக்டர் கையில்.

பொன்னி, அப்பாவைச் சாப்பிடச் சொல்லுங்கள். இந்த ரிப்போர்ட்டில் எனக்கு முதலில் உறுத்துவது சிவப்பில் இருப்பவை அல்ல, "நார்மல்" என்று கறுப்பில் அச்சான இரண்டு எண்கள்தான்: எல்டிஎல் 84, அப்போபி 92.

லேப் அச்சடிக்கும் எல்லை ஊரில் உள்ள எல்லோருக்குமானது. ஏற்கெனவே மாரடைப்பு வந்தவருக்கு எல்லை வேறு. ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் 2019 வழிகாட்டுதல் இப்படிப்பட்டவருக்கு எல்டிஎல் 55-க்குக் கீழே, அப்போபி 65-க்குக் கீழே என்கிறது. நம் கணினி அச்சு இந்த வித்தியாசத்தை அறியாது. அவருக்கு நெஞ்சில் ஸ்டென்ட் இருப்பதே அதற்குத் தெரியாது.

அப்போபி ஏன்? ரத்தக்குழாய்ச் சுவரில் புகுந்து படியும் ஒவ்வொரு கொழுப்புத் துகளிலும் ஒரே ஒரு அப்போபி புரதம் இருக்கும். அதனால் அது துகள்களின் எண்ணிக்கை. எல்டிஎல் என்பது அவை சுமக்கும் கொலஸ்டிராலின் எடை. சர்க்கரை நோயும் உயர் டிரைகிளிசரைடும் உள்ளவர்களுக்குத் துகள் சிறிதாக, ஆனால் நிறைய இருக்கும். எல்டிஎல் பரவாயில்லை போலத் தெரியும், அப்போபி காட்டிக்கொடுக்கும். உங்கள் அப்பா விஷயத்தில் அதுதான் நடக்கிறது.

சிஆர்பி: பல்லில் சீழ் இருந்தபோது எடுத்தது என்பதால் அதைத் தூக்கிப் போடுங்கள். பல் ஆறி இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடி எடுத்துப் பார்க்கலாம்.

லிப்போபுரோட்டீன்(ஏ): இது உண்மையான சேதி. 50 மில்லிகிராமுக்கு மேல் என்றாலே ஆபத்தைக் கூட்டும் காரணியாக எடுத்துக்கொள்கிறோம், 96 என்பது கணிசம். 1963-ல் நார்வேயில் கோரே பெர்க் கண்டுபிடித்தது. எல்டிஎல் போன்ற துகளோடு இன்னொரு புரதம் ஒட்டியிருக்கும். அளவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் ஆறாவது குரோமோசோமில் உள்ள ஒரே ஒரு மரபணு. சாப்பாடு, நடை எதற்கும் அது பெரிதாக மசியாது. பெரும்பாலானவர்களுக்கு ஆயுளில் ஒருமுறை பார்த்தால் போதும்.

அதாவது இந்த எண் அப்பாவைவிட உங்களுக்கு முக்கியம். நீங்களும் உடன்பிறந்தவர்களும் ஒருமுறை எடுத்துவிடுங்கள். அந்தப் பேக்கேஜில் கொடுத்த காசு வீண் போகாத இடம் இதுதான்.

என்டி-ப்ரோபிஎன்பி பற்றி அப்புறம் எழுதுகிறேன், ஓபி ஆரம்பிக்கிறது.

#5 திட்டவிலக்கம் (பெங்களூரு)

டாக்டர் சொன்ன எல்டிஎல் விஷயத்தில் மறுப்பில்லை. ஆனால் இந்தப் பேக்கேஜ் வியாபாரத்தின் அடியில் உள்ள கணக்கை யாராவது சொல்ல வேண்டும். நான் மருத்துவன் அல்ல, புள்ளியியல்காரன்.

"இந்தப் பொருள் ரத்தத்தில் அதிகம் உள்ளவர்களுக்கு மாரடைப்பு இரண்டு மடங்கு" என்ற வாக்கியம் உண்மையாக இருக்கலாம். அதை வைத்து ஒரு தனி ஆளுக்கு வருமா வராதா என்று பிரித்துச் சொல்ல முடியும் என்பது வேறு வாக்கியம். முதல் வாக்கியத்தைக் காட்டி இரண்டாவதை விற்கிறார்கள்.

அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் ஊரில் 1948 முதல் நடக்கும் ஆய்வு எல்லோருக்கும் தெரியும். அங்கே 2006-ல் ஒரு சோதனை. மூவாயிரத்துச் சொச்சம் பேரிடம் பத்து குறியீடுகளை ஒரே நேரத்தில் பார்த்தார்கள். பிஎன்பி, சிஆர்பி, ஹோமோசிஸ்டீன், சிறுநீரில் ஆல்புமின் எல்லாம் அதில் உண்டு. கூட்டு மதிப்பெண் உச்சத்தில் இருந்தவர்களுக்கு, அடியில் இருந்தவர்களைவிட இறப்பு ஆபத்து சுமார் நான்கு மடங்கு. கேட்டால் பிரமாதம்! ஆனால் வயது, ரத்த அழுத்தம், புகை, சர்க்கரை, கொழுப்பு என்ற பழைய பட்டியலோடு இந்தப் பத்தையும் சேர்த்தபோது கணிக்கும் திறன் ஏதோ துளி கூடியது, அவ்வளவே.

காரணம் எளிது. வருகிறவர்களுடைய எண்களும் வராதவர்களுடைய எண்களும் பெரும்பகுதி ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடக்கின்றன. இரண்டு கூட்டத்தின் சராசரி விலகியிருந்தால் ஆய்வுக் கட்டுரை எழுதிவிடலாம். கோடு கிழித்து இந்தப் பக்கம் நீ, அந்தப் பக்கம் நீ என்று பிரிக்க அது போதாது.

#6 ஓய்வுபெற்றஆசிரியர் (கும்பகோணம்)

அம்மா பொன்னி, மற்றவர்கள் ஹோமோசிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தை விட்டுவிட்டார்கள். எனக்கும் ஒரு சமயம் 19 வந்தது. ஒரு வைத்தியர் ஃபோலிக் அமிலம் மூன்று மாதம் கொடுத்தார், 11-க்கு இறங்கியது. ஆகையால் பயப்பட ஒன்றுமில்லை. மாத்திரையும் விலை மலிவு.

#7 திட்டவிலக்கம்

ஐயா, எண் இறங்கியது உண்மை. ஆபத்து இறங்கியதா என்பதுதான் கேள்வி.

ஹோமோசிஸ்டீன் ஏறினால் ரத்தக்குழாய் கெடும் என்ற கருத்தைக் கில்மர் மெக்கலி என்ற அமெரிக்க மருத்துவர் 1969-ல் முன்வைத்தார். பிறவிக் கோளாறால் ஹோமோசிஸ்டீன் எக்கச்சக்கமாக ஏறிய குழந்தைகளின் ரத்தக்குழாய்கள் கெட்டுப்போயிருந்ததைப் பார்த்துச் சொன்னது. அதிலிருந்து பெரியவர்களுக்கும் இதுவே காரணம் என்று ஒரு காலத்தில் பெரிய எதிர்பார்ப்பு. 2006-ல் ஹோப்-2, நார்விட் என்று இரண்டு பெரிய சோதனைகளின் முடிவு வந்தது. ஃபோலிக் அமிலமும் பி வைட்டமின்களும் கொடுத்தார்கள், ஹோமோசிஸ்டீன் சொன்னபடி இறங்கியது. மாரடைப்பு குறையவில்லை.

எறும்பு முட்டை கொண்டு திட்டை ஏறினால் மழை வரும் என்பார்கள். எறும்பைத் தடுத்தால் மழை நிற்குமா?

#8 இடதுவெண்ட்ரிக்கிள்

ஆசிரியர் ஐயா சொன்னதில் ஒரு பாதியை நான் காப்பாற்றுகிறேன். நம் ஊரில் ஹோமோசிஸ்டீன் 22 என்றால் எனக்கு முதலில் தோன்றுவது இதயம் அல்ல, பி12 குறைபாடு. சைவ சாப்பாடாக இருந்தால் அது ஒரு காரணம், அதோடு வருடக்கணக்கில் மெட்ஃபார்மின். அந்த மருந்தே பி12 உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். பொன்னி, அப்பாவுக்குக் கால் மரத்துப் போகிறதா, எரிகிறதா? "சுகர் நரம்பு" என்று விட்டிருப்பார்கள். பி12 பார்க்கச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள். குறைவாக இருந்தால் நரம்புக்காகவும் ரத்தத்துக்காகவும் சரிசெய்ய வேண்டும், மாரடைப்பைத் தடுக்க என்று நினைத்து அல்ல. பி12 பார்க்காமல் ஃபோலிக் அமிலம் மட்டும் விழுங்குவது நல்லதல்ல. ரத்தசோகை மறைந்துவிடும், நரம்புச் சேதம் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும்.

இனி என்டி-ப்ரோபிஎன்பி. இதயம் வெறும் பம்ப் இல்லை, ஹார்மோன் சுரக்கும் உறுப்பும்கூட என்பது 1981-ல் கனடாவில் அடால்ஃபோ டி போல்ட் எலிகளில் காட்டியது. எலி இதயத்தின் மேலறைச் சாற்றை இன்னொரு எலிக்கு ஏற்றினார், அது உப்பும் நீருமாகச் சிறுநீர் கழித்துத் தள்ளியது. பிறகு கண்ட பிஎன்பி முக்கியமாகக் கீழறைச் சுவர் இழுபடும்போது வெளியாகிறது. ஒரு பெரிய புரதம் இரண்டாக வெட்டுப்படும். ஒரு துண்டு வேலை செய்யும் பிஎன்பி, மறு துண்டு வேலையற்ற என்டி-ப்ரோபிஎன்பி. பின்னது ரத்தத்தில் அதிக நேரம் நிற்கும்.

மூச்சுத்திணறலோடு அவசரப் பிரிவுக்கு வருபவருக்கு 300-க்குக் கீழே இருந்தால் இதயச் செயலிழப்பு இல்லை என்று ஏறக்குறைய தள்ளிவிடலாம். உண்டு என்று சொல்ல வயதுக்கு ஏற்ற எல்லை: 50-க்குக் கீழே 450, 75 வரை 900, அதற்கு மேல் 1800. வெளிநோயாளிக்கு 125. உங்கள் அப்பாவின் 210 அந்த 125-ஐத் தாண்டியதால் சிவப்பு. 61 வயது, பழைய மாரடைப்பு, மெட்டோபுரோலால் என்ற பீட்டா பிளாக்கர் மருந்து எல்லாம் சேர்ந்தவருக்கு இது அலற வேண்டிய எண் அல்ல. நன்றாக நடக்கிறார், மூச்சு வாங்கவில்லை. அடுத்த முறை ஆயிரத்துக்குப் போனால்தான் நான் எக்கோவைத் திரும்ப எடுப்பேன்.

திட்டவிலக்கம் அவர்களே, உங்கள் ஃப்ரேமிங்ஹாம் உதாரணம் பெரும்பாலும் நோயில்லாத பொதுமக்களைப் பற்றியது. ஏற்கெனவே இதய நோய் உள்ளவர்களிடம் படம் மாறுகிறது. சுவீடனின் உப்சாலா குழு 2017-ல் அப்படிப்பட்டவர்களுக்கென்றே ஒரு மதிப்பெண் முறையை வெளியிட்டது. அதில் வயது, புகை, சர்க்கரை, கால் ரத்தக்குழாய் நோய் இவற்றோடு மூன்று ரத்தக் குறியீடுகள்: என்டி-ப்ரோபிஎன்பி, உயர் உணர்திறன் ட்ரோபோனின், எல்டிஎல். இதய இறப்பைக் கணிப்பதில் முதல் இரண்டும்தான் கனமானவை.

#9 திட்டவிலக்கம்

அதை ஒப்புக்கொள்கிறேன். நோயாளிகளிடம் என்டி-ப்ரோபிஎன்பி நன்றாகவே பிரிக்கிறது. ஆனால் எண் கைக்கு வந்த பிறகு டாக்டர் வேறென்ன செய்வார்? 2017-ல் கைட்-ஐடி என்ற சோதனை. இதயச் செயலிழப்பு நோயாளிகளுக்கு என்டி-ப்ரோபிஎன்பியை 1000-க்குக் கீழே கொண்டுவரும்படி ஒரு கூட்டத்துக்கு மருந்தைச் சரிசெய்தார்கள், இன்னொரு கூட்டத்துக்கு வழக்கமான சிகிச்சை. வித்தியாசம் இல்லாததால் பாதியில் நிறுத்தினார்கள்.

#10 இடதுவெண்ட்ரிக்கிள்

அதே சோதனையில் வழக்கமான சிகிச்சைக் கூட்டத்துக்கும் நல்ல டாக்டர்கள், அடிக்கடி வருகை. இரண்டு பக்கமும் மருந்து அளவு ஏறக்குறைய ஒன்றாகவே போய்விட்டது. 2022-ல் வந்த ஸ்ட்ராங்-எச்எஃப் சோதனையைப் பாருங்கள். டிஸ்சார்ஜ் ஆன கையோடு இரண்டு வாரத்தில் மருந்துகளை முழு அளவுக்கு ஏற்றினார்கள், என்டி-ப்ரோபிஎன்பி ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டே. அந்தச் சோதனையும் பாதியில் நின்றது, ஆனால் பலன் தெளிவாகத் தெரிந்ததால். பலன் மருந்திலிருந்து வந்தது, எண் காவலுக்கு நின்றது. எனக்கு அந்த உபயோகம் போதும்.

#11 பனங்கூடல் (யாழ்ப்பாணம்)

இந்த பிஎன்பி கதையில எங்கட வீட்டு அனுபவம் ஒண்டு சொல்லோணும். அம்மாவுக்கு 74 வயசு, இதயம் பலவீனம் எண்டு மருந்தெடுக்கிறா. முதலில கால் வீங்கி, படுக்கேலாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனனாங்கள். அப்ப என்டி-ப்ரோபிஎன்பி ஆறாயிரத்துக்கு மேல. மருந்து குடுத்துத் தண்ணி இறங்கி வீட்டுக்கு விட்டினம். பிறகு சாகுபிட்ரில்-வால்சார்டன் எண்ட குளிசை தொடங்கினவை. அம்மா நல்லா எழும்பி நடக்கத் தொடங்கீட்டா.

அண்ணா வெளிநாட்டில இருந்து காசு அனுப்பி, தனியார் இடத்தில ஒரு சோதனை செய்யச் சொன்னார். அவை பாத்தது பிஎன்பி. என்டி இல்லை. அது முந்தியதை விடக் கூட எண்டு வந்திட்டுது! அண்ணா ஃபோனில ஒரே கத்தல், குளிசையை நிப்பாட்டச் சொல்லி. கிளினிக்கில டொக்டர் பாத்திட்டுச் சிரிச்சவர். அந்தக் குளிசை பிஎன்பியை உடைக்கிற நொதியைத்தான் தடுக்குதாம், அப்ப பிஎன்பி கூடத்தானே செய்யும் எண்டு விளங்கப்படுத்தினவர். என்டி-ப்ரோபிஎன்பியை அந்த நொதி தொடாதாம். அதைப் பாத்தால் குறைஞ்சிருந்தது.

#12 சென்ட்ரிஃப்யூஜ்

பனங்கூடல் சொன்னது தங்கமான உதாரணம். இன்னும் ரெண்டு சேர்க்கிறேன். உடல் பருமனா உள்ளவங்களுக்கு பிஎன்பி, என்டி-ப்ரோபிஎன்பி ரெண்டுமே எதிர்பார்க்கிறதைவிடக் குறைவா வரும், அதனால "நார்மல்" கண்டு நிம்மதி ஆகிடக்கூடாது. சிறுநீரகம் பழுதானவங்களுக்கும், மேலறைத் துடிப்பு ஒழுங்கில்லாதவங்களுக்கும் இதயம் இன்னும் தோற்காமலேயே ஏறியிருக்கும். ஒரே ஆளை ஒரே லேப், ஒரே முறையில தொடர்ந்து பார்த்தாதான் ஒப்பிட முடியும். ரெண்டு ஊர்ல ரெண்டு கருவியில எடுத்து "ஏறிடுச்சு, இறங்கிடுச்சு"ன்னா நாங்க என்ன பண்ண?

#13 நைட்டூட்டி (சென்னை)

கார்டியாக் ஐசியூல நர்ஸா இருக்கேன். டியூட்டி இடைவேளையில எழுதறேன், தப்பிருந்தா பொறுத்துக்கோங்க.

ட்ரோபோனின் நார்மல்னு பொன்னி அக்கா போட்டிருக்கீங்க. நல்லது. ஆனா இதை வீட்டுல உட்கார்ந்து எடுக்கிற டெஸ்ட்டா யாரும் பழகிக்க வேணாம். நெஞ்சு வலிக்குதுன்னு லேபுக்கு ரத்தம் குடுத்துட்டு, ரிப்போர்ட் ஃபோன்ல வர்ற வரைக்கும் வீட்டுல காத்திருந்து, அப்புறம் வர்றவங்களைப் பார்க்கிறோம். அட்டாக் ஆரம்பிச்ச முதல் மணி நேரத்துல ட்ரோபோனின் நார்மலா இருக்கலாம். தசை செத்து உள்ள இருக்கிற புரதம் கசிஞ்சு ரத்தத்துக்கு வரணுமே. அதனாலதான் ஆஸ்பத்திரியில ஒரு மணி, ரெண்டு மணி, மூணு மணி கழிச்சுத் திரும்ப எடுக்கிறாங்க. ஒரு எண்ணை மட்டும் பார்க்கிறதில்ல, எவ்வளவு ஏறுதுன்னு பார்ப்பாங்க. வந்த பத்து நிமிஷத்துல ஈசிஜி. அதுல பெரிய அட்டாக்னு தெரிஞ்சா ட்ரோபோனினுக்காகக் காத்திருக்க மாட்டாங்க, நேரா அடைப்பை எடுக்கிற கேத் லேப்தான்.

தமிழ்நாட்டுல "இதயம் காப்போம்" திட்டம் 2023-லேர்ந்து இருக்கு. ஆரம்ப சுகாதார நிலையத்துலயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அடோர்வாஸ்டாடின் முதல் டோஸைக் குடுத்துட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவாங்க. வலின்னா 108.

இன்னொண்ணு, ட்ரோபோனின் ஏறினா எல்லாமே அட்டாக் இல்ல. கிட்னி கெட்டவங்க, கடுமையான தொற்று, நுரையீரல்ல ரத்தக்கட்டி, மாரத்தான் ஓடினவங்க, எல்லாருக்கும் ஏறும்.

#14 கறிவேப்பிலை (திருச்சி)

சிஆர்பி பத்தி டாக்டர் ஒரே வரியில தூக்கிப் போட்டுட்டீங்க. அழற்சிதான் ஹார்ட் அட்டாக்குக்கு மூலம்னு எத்தனை வீடியோ பார்க்கிறோம். கவுட் மூட்டு வலிக்குக் குடுக்கிற கொல்கிசின் மாத்திரை அதுக்கு நல்லதுன்னு சொல்றாங்களே?

#15 இடதுவெண்ட்ரிக்கிள்

தூக்கிப் போட்டது அந்த ஒரு ரிப்போர்ட்டை. விஷயத்தை அல்ல. இதில்தான் எனக்கே முழு நிம்மதி இல்லை.

பாஸ்டன் இதய ஆய்வாளர் பால் ரிட்கர் முப்பது வருடமாக இதைச் சொல்லி வருகிறார். எச்எஸ்-சிஆர்பி 1-க்குக் கீழே குறைவு, 3-க்கு மேல் அதிகம். 10-ஐத் தாண்டினால் தொற்று போன்ற வேறு காரணம் தேட வேண்டும். சிஆர்பியே குற்றவாளியா என்றால், இல்லை. மரபணுவால் பிறவியிலேயே சிஆர்பி கூடுதலாக உள்ளவர்களுக்கு மாரடைப்பு கூடவில்லை. திட்டவிலக்கத்தின் எறும்பு. ஆனால் மழை உண்மை. 2017-ல் கேன்டோஸ் சோதனையில், மாரடைப்பு வந்து சிஆர்பி 2-க்கு மேல் இருந்த சுமார் பத்தாயிரம் பேருக்கு அழற்சிச் சங்கிலியின் மேல்புறத்தில் இன்டர்லூகின்-1பீட்டா என்ற புரதத்தைத் தடுக்கும் ஊசி போட்டார்கள். எல்டிஎல் அசையவில்லை. மறுபடி வரும் மாரடைப்பு, பக்கவாதம், இதய இறப்பு மூன்றும் சேர்ந்த கணக்கு 150 மில்லிகிராம் டோஸில் 15 சதவீதம் குறைந்தது. அழற்சியை அடக்கினால் பலன் உண்டு என்பதற்கு அது முதல் சாட்சி. ஆனால் உயிரைப் பறிக்கும் தொற்றுகள் கூடின, விலையும் யானை விலை. இதய நோய்க்கு அது வரவில்லை.

கொல்கிசின்: 2019-ல் கோல்காட் சோதனை, 4745 பேர், தினம் அரை மில்லிகிராம், மாரடைப்பு போன்ற இதய நிகழ்வுகள் 23 சதவீதம் குறைவு. மறு வருடம் லோடோகோ-2, நிலையான நோயாளிகளில் 31 சதவீதம். 2023-ல் எஃப்டிஏ அனுமதி. எல்லோரும் எழுதத் தொடங்கும் நேரத்தில் 2024-ல் கிளியர் சினர்ஜி வந்தது. ஏழாயிரம் பேர், மாரடைப்பு வந்த கையோடு கொடுத்தார்கள், சிஆர்பி இறங்கியது, மாரடைப்பு குறையவில்லை. என் அறையில் ஒவ்வொரு நோயாளிக்கும் இதை யோசித்துத்தான் முடிவெடுக்கிறேன். எல்டிஎல் இலக்கை எட்டிய பிறகும் சிஆர்பி திரும்பத் திரும்ப உயரமாக இருப்பவர், சிறுநீரகம் நன்றாக இருப்பவர் என்றால் பேசுவேன். சொந்தமாகக் கடையில் வாங்குகிற மருந்து அல்ல அது. சிறுநீரகம் மந்தமானவருக்கும், கிளாரித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாடிக் எடுப்பவருக்கும் விஷமாகிவிடும்.

#16 மூலனூரான் (திருப்பூர் மாவட்டம்)

ஏனுங்க, கொல்கிசின்னு சொன்னதும் எழுதாம இருக்க முடியலீங்க. எங்க பக்கமெல்லாம் கண்வலிக்கிழங்கு போடறமுங்க, செங்காந்தள்னு நீங்க சொல்ற நம்ம மாநிலப் பூ. பந்தல் போட்டு ஏத்தி, பூவுக்குப் பூ கையிலயே மகரந்தம் தடவி, காய் முத்தினதும் விதையை எடுத்துக் காயவெச்சு ஏவாரிக்குக் குடுப்பம். அந்த விதையில இருந்துதான் கொல்கிசின் பிரிக்கிறாங்க. வெலை ஒரு வருசம் ஏறும், ஒரு வருசம் விழுகும், அது வேற கதை.

நான் சொல்ல வந்தது, இதைப் படிச்சுப்போட்டு "இதயத்துக்கு நல்லதாமா"ன்னு யாரும் அந்தக் கெழங்கையோ விதையையோ தொட்டுப் போடாதீங்க. தின்னா ஆளையே கொண்டு போயிருமுங்க. வள்ளிக்கெழங்குன்னு நெனச்சு அவிச்சுத் தின்னு போய்ச் சேர்ந்தவங்க உண்டு.

#17 நைட்டூட்டி

மூலனூர் அண்ணா சொன்னதை யாராவது மேல ஒட்டி வைங்க. வாந்தி, பேதின்னு வருவாங்க, முதல்ல சாதாரண ஃபுட் பாய்சன் மாதிரி இருக்கும். ரெண்டு மூணு நாள்ல ஒவ்வொரு உறுப்பா விழும். மாற்று மருந்துன்னு கையில எதுவும் இல்ல.

#18 பொன்னிநதி

டாக்டரைப் பார்த்துட்டோம். இடதுவெண்ட்ரிக்கிள் சார் சொன்ன மாதிரியே முதல்ல எல்டிஎல் மேலதான் கையை வச்சார். அடோர்வாஸ்டாடினை 80 ஆக்காம எசெட்டிமைப் 10-ன்னு ஒண்ணு சேர்த்திருக்கார், அது ஏன்? பி12 எழுதினார், 148 வந்திருக்கு, குறைவாம். ஊசி ஆரம்பிச்சாச்சு. காலெரிச்சல் ரொம்ப நாளா இருந்ததை அப்பா இப்பதான் வாயத் திறந்து சொல்றார்! சிஆர்பி ஒரு மாசம் கழிச்சு. என்டி-ப்ரோபிஎன்பிக்குத் தலையசைச்சுட்டு "ஒரு வருஷம் கழிச்சுப் பார்ப்போம்"னார்.

நானும் லிப்போபுரோட்டீன்(ஏ) எடுத்தேன். 71 மில்லிகிராம். எனக்கு 33 வயசு, பிரஷர் சுகர் எதுவும் இல்ல, எல்டிஎல் 128. இப்ப நான் என்ன செய்யணும்?

#19 திட்டவிலக்கம்

எசெட்டிமைப் கேள்விக்குக் கணக்கு நான் சொல்கிறேன். ஸ்டாடின் அளவை இரட்டித்தால் எல்டிஎல் இன்னும் ஆறு சதவீதம் போலத்தான் குறையும். 84 என்பது 79 ஆகும். எசெட்டிமைப் இருபது சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல் குறைக்கும், 65 பக்கம் வரும். இம்ப்ரூவ்-ஐடி என்ற 2015 சோதனையில் மாரடைப்போ அதை ஒத்த திடீர் நெஞ்சுவலியோ வந்த பதினெட்டாயிரம் நோயாளிகளிடம் இந்தச் சேர்க்கை பலன் தந்தது. எண் இறங்கியது, நோயும் இறங்கியது. நான் ஒப்புக்கொள்ளும் வகைக் குறியீடு இதுதான்.

#20 இடதுவெண்ட்ரிக்கிள்

65-உம் 55 ஆகவில்லை, ஆறு வாரம் கழித்துப் பார்த்துவிட்டு ஸ்டாடினையும் ஏற்றுவார் என்று நினைக்கிறேன். அதற்கும் மசியவில்லை என்றால் ஊசி வகைகள் உண்டு, விலைதான் இடிக்கும்.

பொன்னி, உங்கள் 71. இந்த எண்ணைக் குறைப்பதற்கென்றே பெலாகார்சன், ஓல்பாசிரான் என்று மருந்துகள் பெரிய சோதனைகளில் இருக்கின்றன. அளவை 80 சதவீதமும் அதற்கு மேலும் குறைக்கின்றன. மாரடைப்பைக் குறைக்கின்றனவா என்பதைத்தான் அந்தச் சோதனைகள் கேட்கின்றன. ஹோமோசிஸ்டீன் கதையை மேலே படித்தீர்கள், அதனால் விடை வரும்வரை நான் கொண்டாட மாட்டேன். நியாசின் (பி3 வைட்டமின்) எடுக்கச் சொல்லி யாராவது சொன்னால் வேண்டாம். எண் குறையும், பலன் நிரூபணமாகவில்லை.

இன்டர்ஹார்ட் என்ற பன்னாட்டு மாரடைப்பு ஆய்வின் 2019 அலசலில், 50 மில்லிகிராமுக்கு மேல் உள்ள தெற்காசியர்களுக்கு மாரடைப்பு வாய்ப்பு இரண்டு மடங்கை ஒட்டி வந்தது. முதல் மாரடைப்பு வரும் சராசரி வயதும் நமக்கு 53, மற்ற நாட்டவரைவிட ஐந்தாறு வருடம் முன்னால். ஆகவே உங்கள் 128-ஐ "நார்மல்" என்று விடாதீர்கள். இப்போதைக்கு உணவு, நடை. ஆறு மாதம் கழித்துத் திரும்பப் பாருங்கள். மருந்து வேண்டுமா என்பதை உங்கள் மொத்த நிலையையும் பார்த்து டாக்டரோடு பேசுங்கள். குழந்தை பெறும் திட்டம் இருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், ஸ்டாடின் விஷயத்தில் அது முக்கியம். லிப்போபுரோட்டீன்(ஏ)யை மறுபடி மறுபடி எடுத்துக் காசைக் கரைக்காதீர்கள்.

#21 பொன்னிநதி

ரொம்ப நன்றி சார். தம்பிதான் டெஸ்ட் எடுக்க மாட்டேங்கிறான். ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட் சிகரெட் வேற. "நல்லா இருக்கிற ஆளை நோயாளி ஆக்காதீங்க"ங்கிறான். அத்தான் வேற அவனுக்கும் சேர்த்து அதே பேக்கேஜ் புக் பண்ணவான்னு கேட்கிறார்.

#22 நைட்டூட்டி

பேக்கேஜ் வேணாம்க்கா. எல்டிஎல், சுகர், லிப்போபுரோட்டீன்(ஏ) மூணு போதும். அதுவும் மாட்டேன்னா பிரஷர் மட்டுமாவது பார்க்கச் சொல்லுங்க. சிகரெட்டை விடறதுக்கு எந்த ரிப்போர்ட்டும் வர வேண்டியதில்ல. எங்க வார்டுல இப்ப இருக்கிறதுலயே சின்ன வயசுக்காரர் 34, அவருக்கு மத்த எண் எல்லாம் சுத்தம், சிகரெட் மட்டும்தான். தம்பிகிட்ட நான் வேணும்னா பேசறேன், தனிமடல்ல நேரம் சொல்லுங்க.